கூடா, குவியலா

“அதைக் கூடுன்னு எழுதாதீங்க மேடம். அது கூடு இல்லீங்க.”

“வேற என்னவாம்?”

“குவியலுங்க.”

“துணியைக் கிழிச்சிருக்கு. மூலையில கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு. அளந்தாச்சு, ஒன்பது சென்டிமீட்டர் உயரம். மருந்து சாப்பிடாத எலி கட்டினது அஞ்சைத் தாண்டலை. இதுக்குப் பேர் கூடு இல்லையா?”

“கூடுன்னா அதுக்குள்ள ஒரு உசுரு படுத்துக் கெடக்கணுமுங்க. இதுல யாரு படுத்தா? காத்தால வந்து பாக்கறப்ப குவிஞ்சு கெடக்குது, அளந்துட்டுப் போயர்றீங்க. சாயங்காலம் வந்து பாருங்க. எதுத்த வரிசையில இருக்கறதெல்லாம் சுருண்டு தூங்குது. இது மட்டும் இன்னும் கிழிச்சுட்டே நிக்குது.”

டாக்டர் ரெஜினா பேனாவை மூடி வெள்ளைக் கோட்டின் பையில் செருகினாள். எதிரே ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி துளசிமணி நின்றிருந்தாள். பல்லடத்தைத் தாண்டிய அந்த மருந்து ஆய்வு நிலையத்தில், எலிகள் இருக்கும் நீளமான அறை பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, காலை எட்டு மணிக்கு மருந்து ஊட்டுவது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் அவள்தான். எலிகள் கூடு கட்டிக்கொள்ள வெளிநாட்டிலிருந்து பஞ்சுப் பட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கொண்டுவந்து, வேகவைத்துக் காயவைத்துப் போட ஆரம்பித்தவளும் அவளே. எலிகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நீளவாக்கில் இரண்டு வரிசை. இடப்பக்கம் வெள்ளை அட்டை மாட்டிய இருபத்து நான்கு கூண்டுகள், மருந்து இல்லாதவை. வலப்பக்கம் மஞ்சள் அட்டை மாட்டிய இருபத்து நான்கு, ‘தளரா’ சாப்பிடுபவை.

தளரா என்றால் இந்தப் பக்கத்தில் இப்போது தெரியாதவர் இல்லை. முதலில் அது நடுக்குவாதக்காரர்களுக்கு என்றுதான் வந்தது. பழைய மாத்திரைகள் கைவிட்டவர்கள்கூட அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார்கள். பிறகு அதைத் தயாரிக்கும் கம்பெனி மில்களைப் பார்த்தது. நூற்பு, நெசவு, சாயம் எல்லாவற்றையும் இயந்திரமே செய்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. விரல் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் சில மிச்சம் இருந்தன. அறுந்த இழையைப் பிடிப்பது, துணியில் ஓட்டை பார்ப்பது. இயந்திரம் ஓயாது, விரல் ஓய்ந்துபோகும். அந்த ஓய்ச்சலுக்கும் தளராவைக் கொடுத்தால் என்ன என்று கம்பெனி கேட்டது. சூலூர்ப் பக்கம் ஒரு மில்லின் விடுதியில் இருக்கும் நாலாயிரம் பெண்பிள்ளைகளுக்கு, வரும் திங்கட்கிழமை முதல், காலைச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. அதற்கு முன் அரசாங்கக் குழு ஒன்று வியாழக்கிழமை வந்து எலிகளைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

“மூடும் நோட்டைக் கொடுங்க துளசிமணி. அதுக்குத்தான் வந்தேன்” என்றாள் ரெஜினா.

மூடும் நோட்டுக்கு ஒரு கதை உண்டு. எட்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம் ஏசி நின்று, யாரும் கவனிக்காமல் நாற்பது எலிகள் செத்துப்போயின. அன்றிலிருந்து சாயங்காலம் கதவைப் பூட்டுகிறவர் ஒவ்வொரு கூண்டையும் பார்த்துக் கூண்டுக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது. எல்லோரும் ‘நன்று’ என்று ஒரு வார்த்தை எழுதி, கீழே அதே அதே என்று புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். துளசிமணிக்குப் புள்ளி வைக்க வரவில்லை. ஏழாம் நம்பர் பின்காலை இழுக்கிறது, பதினாறு தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது என்று எழுதினாள். கடைசி நாலு மாதமாக அவள் எழுதியதெல்லாம் வேறு. படுக்கவில்லை. கூடு கட்டவில்லை. துணி பற்றாதோ என்று இன்னொரு பிடி போட்டேன், அதையும் கிழித்துவிட்டது. ஈறில் ரத்தம். படுக்கவில்லை.

“எதுக்குங்க அந்த நோட்டு?”

“கம்பெனி கேக்குது. குழுவுக்குக் காலைப் பதிவுகள் மட்டும் போதுமாம்.”

“அப்ப சாயங்காலம்?”

ரெஜினா போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இந்த ஊர்க்காரி இல்லை அவள், நாகர்கோவில். நல்ல படிப்பு, நல்ல மனசும்தான் என்பது துளசிமணியின் கணிப்பு. பிரசவ விடுப்பில் இருந்தபோதுகூட ‘பதினாறு எப்படி இருக்கு’ என்று எலியை விசாரித்தவள்.

“உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை. உங்க வீட்டுக்காரர் டெய்லர். நிட்டிங் மெஷின் பார்த்திருப்பீங்க.”

“திருப்பூர்ல பொறந்துட்டு அதைப் பாக்காம இருப்பனுங்களா?”

“மூளைக்குள்ள ரெண்டு மில் இருக்குன்னு வச்சுக்குங்க. ஒண்ணு டோபமின் நெய்யறது. ‘வேணும், எந்திரி, போ’ன்னு சொல்றது அது. இன்னொண்ணு செரோடோனின் நெய்யறது. ‘போதும், உக்காரு’ன்னு சொல்றது. தளராங்கறது டோபமின் இல்லை. அதை நெய்யறதுக்கான நூல். மூளைக்குள்ள போனப்பறம்தான் துணியாகும். சிக்கல் என்னன்னா ரெண்டு மில்லுலயும் ஒரே ரக மெஷின்.”

“அப்ப நூலு அந்த மில்லுக்குள்ளயும் பூந்துக்குதுங்களா?”

“பூந்துக்குது. எந்த நூல் வந்தாலும் மெஷின் நெய்யும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளைத் துணி வர வேண்டிய எடத்துல சிவப்பு வருது. வெள்ளை நூல் வெளியிலயே நிக்குது, ஏன்னா உள்ள வர்ற கேட்டும் ஒண்ணே ஒண்ணுதான். காலை ஒன்பது மணிக்கு மூளையை எடுத்துப் பார்த்தா டோபமின் ஏறியிருக்கும், மத்தது இன்னும் சரியத் தொடங்கியிருக்காது. நாங்க எப்பவும் ஒன்பது மணிக்குத்தான் எடுக்கறோம்.”

“எப்பவுமேவா?”

“ஒரே ஒரு தடவை சாயங்காலம் எடுத்தேன். பன்னிரண்டு எலி. செரோடோனின் மூணுல ஒரு பங்குகூட இல்லை.”

“அதை எங்கீங்க எழுதுனீங்க?”

ரெஜினா கூண்டு அட்டை ஒன்றை நேராக மாட்டினாள். அறையின் குளிரில் அவள் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

“நோட்டைத் தர மாட்டனுங்க மேடம்.”

“யோசிச்சுப் பேசுங்க. ஒரு தடவை தடை போட்டா முழு மருந்துக்கும்தான் போடுவாங்க. மில்லுக்கு மட்டும்னு பிரிச்சுப் போட மாட்டாங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நாச்சிமுத்து அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.”

நாச்சிமுத்து துளசிமணியின் கணவன். ஓவர்லாக் டெய்லர். முப்பத்தொன்பது வயதில் வலது கட்டைவிரலில் தொடங்கிய நடுக்கம் இரண்டே வருடத்தில் அவனைக் கட்டிலோடு போட்டது. சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிட வேண்டும், சோற்றை அவள்தான் ஊட்ட வேண்டும். பழைய மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்றபின், நிலையத்தின் ஊழியர் குடும்பம் என்கிற சலுகையில் தளரா கிடைத்தது. காலையில் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. நாலாம் நாள் அவன் தானாக எழுந்து போய்ப் பல் துலக்கினான். ஊசியில் நூல் கோர்த்தான். அவள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய், யாரும் பார்க்காதபடி அழுதுவிட்டு வந்தாள்.

அதெல்லாம் பதினான்கு மாதத்துக்கு முன்பு.

அன்று அவள் வீடு திரும்பியபோது தையல் மெஷின் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. பனியன் கம்பெனி கொடுத்த உருப்படிகளை மத்தியானமே முடித்துவிட்டு, நாச்சிமுத்து வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றித் தலையணை உறையாக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பதினாறு உறை இருந்தது. வீட்டில் இருப்பதோ மூன்று தலையணை. சோற்றுப் பானை காலி.

“மாமா, உண்டீங்களா?”

“உண்டேன். உண்ட மாதிரியே இல்ல. இருந்ததெல்லாம் போட்டுத் தின்னுட்டேன். உனக்கு இருக்குதான்னு பாரு.”

“எனக்கு தோசை ஊத்திக்கறேன். மகிழினி போன் பண்ணாளா?”

“பண்ணுச்சு. பெங்களூர்ல வேலை கெடைச்சிருச்சாம். அந்தப் பெரிய எடம்.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துளசிமணிக்கு ஒரு கணம் கேட்டது விளங்கவில்லை. ஒரே மகள். மூன்று வருடமாக அந்த வேலைக்குத்தான் வேண்டாத சாமி இல்லை.

“மாமா! என்ன இப்படி ‘மழை வருது’ங்கற மாதிரி சொல்றீங்க? புள்ளைக்கு வேலை கெடைச்சிருக்குது! சந்தோசமா இல்லீங்களா?”

நாச்சிமுத்து மிதியிலிருந்து கால் எடுக்காமல் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பழைய நாளாக இருந்தால் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்து, கையிலிருந்ததை எல்லாம் கரைத்துவிட்டு வந்திருப்பான்.

“இருக்கோணும்னு தெரியுது புள்ள” என்றான்.

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வலப்பக்க வரிசையில் மஞ்சள் அட்டைகளுக்குப் பின்னால் தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. எலிகளுக்கு வலி என்று எதுவும் இல்லை. சோகம்கூட இல்லை. படுக்கும் இடம் கண்முன்னே குவிந்து கிடந்தும், அது படுக்கும் இடம் என்று தோன்றவே தோன்றாமல் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

தோசைக் கல்லை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். இரண்டு மில், ஒரு கேட், சிவப்பு நூல், வெள்ளை நூல். நாலாயிரம் பிள்ளைகள். வியாழக்கிழமை. நோட்டு. கடைசியாக, தடை வந்தால் அவனுக்கும் மாத்திரை நின்றுபோகும் என்பதையும்.

மெஷின் நின்றது.

“என்ற கையைப் புடுங்கறதுக்கு நீ யாரு?”

“மாமா…”

“கம்முனு இரு. ரெண்டு வருசம் நீ ஊட்டுன சோத்தைத் தின்னேன். வாய்ல பாதி, சட்டையில பாதி. ஒறம்பரை சனம் வந்தா உள்ளாற போய்ப் படுத்துக்குவேன். உனக்கு அது மறந்துபோச்சாட்ட இருக்குது. எனக்கு மறக்கல. சந்தோசம் வரலீன்னா வராட்டிப் போகுது. கை வருதில்ல? எனக்கு அது போதும்.”

“போதும்னு சொல்றீங்க. ஆனா உங்களுக்குப் போதும்னு இருக்குதுங்களா? பதினாறு ஒறை தெச்சிருக்கீங்க.”

அவன் அந்தக் குவியலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு காலை மிதியில் வைத்தான். மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. பதினேழாவது.

“நீ அந்த நோட்டைக் காட்டுனீன்னா அப்பறம் எங்கூடப் பேசாத” என்றான், அவள் பக்கம் திரும்பாமலே.

அதற்குப் பின்னான இரண்டு நாள் அவன் பேசவில்லை. அவளும் பேசவில்லை. விடுதிப் பிள்ளைகளை அவள் பேருந்தில் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் கும்பலாக ஏறி, கடைசி ஸீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஓட்டுநரே இல்லாத பஸ்ஸைப் பார்த்து ‘அண்ணா, மெதுவாப் போங்கண்ணா’ என்று கத்திவிட்டுத் தாங்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எந்த மில்லில் நெய்யப்படுவது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் மூடும் நோட்டு அலமாரியில் இல்லை. கம்பெனி ஆள் வந்து எடுத்துப்போனதாக வாசல் காவலர் சொன்னார். துளசிமணி காலியான இடத்தைத் துணியால் துடைத்தாள். ஒருவிதத்தில் அது அவள் பாரத்தை இறக்கிவைத்தது. எழுதினதைத்தானே எடுத்துப்போக முடியும்? எலிகள் இங்கேயேதானே இருக்கின்றன.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல மருந்து ஊட்டினாள். கூண்டுகளை மாற்றினாள். கூண்டு மாற்றியதும் எல்லா எலிகளுமே பரபரவென்று ஓடும், எல்லாமே புதுத் துணியைக் கிழிக்கும்; அந்த நேரத்தில் வந்து பார்க்கிறவனுக்கு இடதும் தெரியாது, வலதும் தெரியாது. குழுவுக்கு ஒன்பதரை மணி என்று நேரம் குறித்திருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஒன்பது இருபதுக்குத் துளசிமணி வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

குழுவின் தலைவர் டாக்டர் மீனலோசனி சென்னையிலிருந்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். பின்னால் இரண்டு அதிகாரிகள், ரெஜினா, கம்பெனியின் மேலாளர் கிரிதரன். கிரிதரன் எப்போதும் சிரித்த முகம்.

“என்னம்மா இது, விளையாட்டு? எந்திரிங்க, கதவைத் திறங்க.”

“சாயங்காலம் நாலரைக்குத் திறக்கறனுங்க.”

“மேடத்துக்கு ரெண்டு மணிக்கு ஃபிளைட்.”

“எலி எங்கயும் போயிறாதுங்க. ஃபிளைட்டும் நாளைக்கு வரும்.”

அதிகாரி ஒருவர் இருமினார். அது சிரிப்பை மறைத்த இருமல். கிரிதரனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. “கதவை உடைக்கச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. சத்தத்துல நாப்பத்தெட்டும் மெரண்டு போயிரும். அறைக்குள்ள பெருஞ்சத்தம் கேட்டா அந்தச் சோதனையே செல்லாது. நாலு மாசம் திரும்ப முதல்ல இருந்து பண்ணோணும். நான் சொல்லலீங்க, நீங்க ஒட்டி வச்ச நோட்டீஸ்தான் சொல்லுது. இந்தா, செவுத்துல இருக்குது பாருங்க.”

மீனலோசனி கண்ணாடியை இறக்கிச் சுவரில் இருந்ததை நிதானமாகப் படித்தார். “சரியாத்தான் சொல்றா” என்றார். “மாத்துச் சாவி இருக்குமே?”

எல்லோரும் ரெஜினாவைப் பார்த்தார்கள். துளசிமணியும் பார்த்தாள். இந்த ஒன்றைத்தான் அவளால் கணக்குப் போட முடியவில்லை.

ரெஜினா கோட்டுப்பைக்குள் கையை விட்டாள். அந்தக் கை வெகுநேரம் உள்ளேயே இருந்தது.

“இருக்கு மேடம், என்கிட்டதான் இருக்கு” என்றாள். “தர்றதா இல்லை.”

சொல்லிவிட்டு வந்து, வெள்ளைக் கோட்டோடு, துளசிமணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.  துளசிமணி நகர்ந்து, அவளுக்குக் கதவில் சாய இடம் விட்டாள்.

“ரெஜினா, உங்க வேலை…” என்றார் கிரிதரன்.

“தெரியும் சார்.”

“இதெல்லாம் வெறும் எலி, மேடம்” என்று அவர் மீனலோசனியிடம் திரும்பினார். “சாயங்காலம் ஒரு எலி தூங்குதா இல்லையான்னு பாத்து முடிவெடுக்கற விஷயமா இது? எலி வேற, மனுஷன் வேற.”

துளசிமணிக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கழன்று விழுந்தது. “ஏனுங்க, எலி சுறுசுறுப்பா இருந்துச்சுன்னா மனுசனும் சுறுசுறுப்பா இருப்பான்னு எழுதுறீங்க. எலி கெட்டுப்போனா மட்டும் எலி வேற, மனுசன் வேறயா? நல்லதுக்குச் சொந்தம், கெட்டதுக்கு ஒறவில்லையா? அப்பறம் எதுக்குங்க இத்தன எலியக் கொன்னீங்க?”

மீனலோசனி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். “இங்க கேன்டீன்ல என்ன கிடைக்கும்?” என்று அதிகாரியைக் கேட்டார். “தயிர்சாதம் இருந்தா எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நாலரைக்கு வரேன்.”

ஏழு மணி நேரம். கிரிதரன் நாலு தடவை வந்தார். முதல் தடவை பதவி உயர்வு என்றார், இரண்டாவது தடவை போலீஸ் என்றார், மூன்றாவது தடவை நாச்சிமுத்துவின் பெயரைச் சொன்னார். “உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ஸ்டாக் முடியுது போல. அடுத்த அட்டை வரணுமே?” துளசிமணி அவரைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது பொய் இல்லை. வீட்டு அலமாரியில் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம், இன்றைய சாயங்காலத்துக்கானது. நான்காவது தடவை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

“பயமா இருக்கா?” என்று ரெஜினா கேட்டாள்.

“வெசனமா இருக்குதுங்க. பயம் காத்தாலயே தீந்துபோச்சு.”

நாலரைக்குக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். யாரும் பேசக் கூடாது என்று துளசிமணி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். எலி பகலில் தூங்கும் பிராணி. இடப்பக்கம் இருபத்து நான்கு கூண்டுகளிலும் பனியன் துணியில் வனைந்த சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் வால் மூக்கைத் தொட, வெள்ளையாக ஒரு சுருள், ஏறி இறங்கிக்கொண்டு. வலப்பக்கம்தான் சத்தம். மெல்லிய, ஓயாத சத்தம், ஒரு தூரத்து மில் ஓடுவதைப் போல. இருபத்து நான்கும் கிழித்துக்கொண்டிருந்தன. கிழிக்க ஒன்றும் மிச்சமில்லாத கூண்டுகளில் கிழித்ததையே எடுத்து மறுபடி கிழித்தன. ஒன்று குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தடவை அதன்மேல் ஏறி உட்காரப் பார்த்தது.  அது உடனே இறங்கி, இன்னொரு இழையைப் பிடித்து இழுத்தது. அதன் வாயோரம் சிவந்திருந்தது.

மீனலோசனி ஒரு மணி நேரம் கூண்டு கூண்டாகப் பார்த்துவிட்டு, மறுபடி அந்தக் கூண்டுமுன் வந்து குனிந்து நின்றார். வெளியே வந்ததும் கேட்டார், “மூளையைப் பாத்தீங்களா ரெஜினா? சாயங்கால மூளையை?”

“பாத்தேன் மேடம். பன்னிரண்டு. தாள் என் மேஜையில இருக்கு. எடுத்துட்டு வரேன்.”

“அது ஒப்புதல் இல்லாம செஞ்ச சோதனை…” என்று தொடங்கிய கிரிதரனைக் கையமர்த்திவிட்டு, மீனலோசனி துளசிமணியின் பக்கம் திரும்பினார். “திங்கட்கிழமை மில்லுல நடக்காது. நான் இங்கயே கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு உனக்குத் தெரியணும். சட்டம் எனக்கு ஒரு கத்திதான் குடுத்திருக்கு. வெட்டினா முழுசும் அறுந்துபோகும். நோயாளிகளுக்குக் குடுக்கறதும் நிக்கும். மறுபரிசீலனை முடிய ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ.”

“தெரியுமுங்க” என்றாள் துளசிமணி.  

ஒரு அதிகாரி தாளை நீட்டினார். மீனலோசனி பேனாவைத் திறந்த நேரத்தில் தாழ்வாரத்தின் கோடியில் சலசலப்பு. காவலர் ‘உள்ள போகக் கூடாதுங்க’ என்று பின்னாலேயே ஓடிவர, நாச்சிமுத்து நடந்து வந்துகொண்டிருந்தான். செருப்பில்லை. சட்டைப் பித்தானை ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டிருந்தான். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. அவன் வலது கை இடுப்பருகே தன்பாட்டுக்கு உருண்டு உருண்டு ஆடிக்கொண்டிருந்ததைத் துளசிமணி பார்த்தாள். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

அஞ்சு மணி மாத்திரை போடவில்லை.

“மாமா, என்னங்க இது, ஏன் போடல?”

அவன் அவளைப் பார்த்தான். இரண்டு நாளில் முதல் தடவை. “போடலாம்னுதான் எடுத்தேன் துளசி. கையில வச்சுட்டே நின்னேன். மகிழினிக்கு வேலை கெடைச்சது எனக்கு இப்பத்தான் கொஞ்சமா…” அவனால் அதை முடிக்க முடியவில்லை. உதடு கோணிக்கொண்டது. அது நடுக்கமா, அழுகையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. “ஆனா கை போகுது பாரு. கை போயிட்டே இருக்குது.”

“இவர் யாரு?” என்றார் மீனலோசனி.

“என்ற வீட்டுக்காரருங்க.”

“நான்தானுங்க மனுசன்” என்றான் நாச்சிமுத்து. “எலி வேற மனுசன் வேறன்னு சொன்னாங்களாம், வாசல்ல சொன்னாங்க. நீங்க பாக்கறதுக்கு மனுசனே வந்திருக்கேன்.”

கிரிதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாச்சிமுத்து அவரைத் தாண்டி வந்தான். கால் தேய்ந்தது. ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டான். ரெஜினா தாங்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தான். துளசிமணி அசையவில்லை. அவன் தானாகத்தான் வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மீனலோசனியின் முன்னால் வந்து நின்று இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து, விரல்களை விரித்தான். உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மாத்திரை. கை ஆட, அது ஓரத்துக்கும் நடுவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

“இவ ஒண்ணு சொல்றா, இவிங்க ஒண்ணு சொல்றாங்க. நீங்க தாள்ல என்னமோ எழுதப் போறீங்க. எழுதுங்க. அதுக்கு முன்னாடி என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க” என்றான். “இது கடைசி மாத்திரை. போட்டேன்னா கை நிக்கும், புள்ளை மறுபடியும் தூரப் போயிருவா. போடலீன்னா புள்ளை இருப்பா, கை போயிரும். நான் எதை வச்சுக்கறதுங்க? சொல்லுங்கம்மா. போடட்டுமா, வேண்டாமா? நீங்களே உங்க வாயால சொல்லுங்க.”